மழை பெய்த நாள்

வில்லாபுரம், மதுரை
செப்டம்பர் 9, செவ்வாய்

அன்புள்ள ஹம்சா,

என் எண்ணை நீ தடுத்து வைத்து மூன்று வருஷம் ஆகிறது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தபாலை மட்டும் யாராலும் தடுக்க முடியாது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. பழைய சண்டையைப் பேச வரவில்லை.

கருமலையாற்றுக்கான இரு மாநிலக் குழுவில் நீ இருப்பது எனக்குத் தெரியும். அந்த ஆறு கேரளத்து மலையில் பிறந்து, எல்லை தாண்டி இறங்கி, மதுரைக்கு மேற்கே வைகையில் சேர்கிறது. உங்கள் குழுவின் விதி ஏழு என்ன சொல்கிறது? மலையில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் வெள்ளம் இங்கே வர ஒரு முழு நாள் ஆகும். அதனால் மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பக்க அதிகாரிகளும் பேசி, கையெழுத்துப் போட்டு, அப்புறம் கீழே எச்சரிக்கை அனுப்பினால் போதும். அப்படித்தானே?

ஒரு நாள் எல்லாம் ஆகாது ஹம்சா. ஆறு மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

ஜூன் மாதத்திலிருந்து என் வீட்டுக்காரர் உபைதுல்லா, ஊருக்குக் குடிநீர் எடுக்கிற உறைகிணற்றில் பம்ப் ஆபரேட்டராக இருக்கிறார். கிணறு ஆற்றுக்கு நடுவே இருக்கிறது. கோச்சடை தாண்டி, மணலுக்குள் இறங்கி நடந்து போக வேண்டும். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை வேலை முடிந்து வந்தவர் இடுப்பு வரை சேறாக நின்றார்.

"என்ன மச்சான் இது?"

"திடீர்னு தண்ணி வந்துருச்சு. முழங்காலுக்குத்தான். செருப்பு ஒண்ணு போச்சு, அம்புட்டுத்தான். அதுக்கு ஏன் மொகத்த இப்பிடி வைக்கிற?"

அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். நான் தூங்காமல் கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். மேகப் படத்தில் கருமலைக்கு மேலே சிவப்பு வந்தது அதிகாலை இரண்டு மணிக்கு. தண்ணீர் இவர் காலைத் தொட்டது எட்டு மணிக்கு. நான் எண்ணியது விரல் விட்டுத்தான், ஆனாலும் ஆறு ஆறுதான்.

அன்று வந்தது சின்னத் தண்ணீர். ஐப்பசியில் வரப்போவது அப்படி இருக்காது. விதிக்கு அடியில் உள்ள அட்டவணை தவறு. தயவுசெய்து குழுவில் சொல்.

ஃபாயிஸா


பாலக்காடு
செப்டம்பர் 17

திருமதி ஃபாயிஸா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

விதி ஏழு பதினொரு கூட்டங்களுக்குப் பிறகு உருவானது. முதல் மூன்று கூட்டத்தில் இரண்டு பக்கத்தாரும் தேநீரைக்கூடத் தனித்தனி பிளாஸ்க்கில் கொண்டுவந்தார்கள். ஒருவர் தரும் அளவை மற்றவர் நம்ப மாட்டார். அணையின் மட்டம், திறக்கும் அளவு, எதிலும் ஒப்புதல் இல்லை. இரண்டு மாநிலமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே தாள் இந்த விதிதான். ஒரு நாள் காலையில் ஒருவர் செருப்பு போனதை வைத்து அதைப் பிரிக்கச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மேகப் படம் ஆதாரம் ஆகாது. இரண்டு பக்கப் பதிவேடுகள்தான் ஆதாரம்.

இன்னொன்று. அட்டவணை தவறு என்கிறீர்கள். அது பின்னிணைப்பு நான்கு. கையில் பிரதி இருந்தால் அடிவரியைப் படித்துப் பாருங்கள். "தயாரிப்பு: ஃபாயிஸா." தன் பெயர் விடுபட்டுப் போனது என்று நம் பேராசிரியரிடம் போய் அழுது, என்னைத் திருடி என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தது யார்? பேராசிரியர் என்னை நிற்க வைத்துக் கேட்டார். பெயரைச் சேர்த்தேன். இப்போது அது உங்கள் அட்டவணை. அதைத் தவறு என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஹம்சவேணி

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? இதைக் கேட்காமல் உறையை ஒட்ட முடியவில்லை.


வில்லாபுரம்
செப்டம்பர் 24, புதன்

ஹம்சா,

காய்ச்சல் விட்டது. சுஃபியாவுக்கு இப்போது மூன்றரை வயது. இதை எழுதும்போது காலடியில் உட்கார்ந்து உன் உறையின் தபால்தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ எழுதியது அவ்வளவும் உண்மை. என் அட்டவணை என்பது எனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே அதை எழுத உட்கார்ந்து, முடியாமல் "அட்டவணை தவறு" என்று மட்டும் எழுதினேன். யாரோ செய்த தவறு மாதிரி. வெட்கமாக இருக்கிறது.

என்ன நடந்திருக்கும் என்று யோசித்துச் சொல்கிறேன், சரியா என்று பார். நம் பக்கத்து ஆள் ஆற்றின் மட்டத்தைப் பார்த்ததும் அந்தத் தேதியின் வரியிலேயே எழுதிவிடுவார். மலை மேலே தேயிலை எஸ்டேட்டில் மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்கு அளக்கிறார்கள். முந்தின நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரைக்கும் சேர்ந்த மழை அது. அதை எந்தத் தேதியில் எழுதுவார்கள்? அளந்த தேதியில் என்று நானாக எடுத்துக்கொண்டேன். கேட்கவே இல்லை. இப்போது ஆகஸ்ட் பத்தொன்பதைச் சரிபார்த்தேன். எஸ்டேட் இணையத்தில் போடுகிற கணக்கில் அந்த மழை பதினெட்டாம் தேதியில் இருக்கிறது! செவ்வாய் அதிகாலை இரண்டு மணிக்குப் பெய்த மழை அவர்களிடம் திங்கள். எட்டு மணிக்கு வந்த வெள்ளம் நம்மிடம் செவ்வாய். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்த புத்திசாலி நான் என்ன எழுதினேன்? மழை ஒரு நாள், வெள்ளம் மறுநாள். நாற்பது வெள்ளத்துக்கும் அப்படியே பொருந்தியது. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று பேராசிரியர் பாராட்டினார்.

பசுமலையில் படிக்கும்போது உன்னை வெள்ளி ராவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவும் பழமுமாக வந்து நின்றாய். எங்களுக்குச் சாயங்காலம் மஃரிபு பாங்கு சொன்னதும் அடுத்த நாள் பிறந்துவிடும், விருந்து வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. எங்கள் அம்மா சிரித்துக்கொண்டே உனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தார். நாள் எங்கே தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று எனக்குத் தெரியாதா? உன்னை வருஷம் முழுக்கக் கேலி செய்தவள் நான்.

அட்டவணை போட்டபோது எனக்கு ஏழு மாதம். மலைக்குப் போக முடியவில்லை. பதிவேட்டை நீதான் போய்ப் படம் எடுத்து அனுப்பினாய். இன்னொரு முறை போவாயா? அந்தப் பதிவேட்டை எழுதுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

உபைதுல்லாவிடம் வேலையை விடச் சொன்னேன். "ரூல்ல ஒரு நாள்னு போட்டுருக்குல்ல, அப்பறம் என்ன?" என்கிறார். நான் எழுதிய பொய்யை என் புருஷனே எனக்குப் படித்துக் காட்டுகிறார் ஹம்சா.

ஃபாயிஸா


பாலக்காடு
அக்டோபர் 6, திங்கள்

ஃபாயி,

போய்விட்டு வந்தேன். சனிக்கிழமை, சொந்த விடுப்பில். அடையாள அட்டையைக் கழற்ற மறக்கவில்லை, அலுவலகப் பை எதுவும் எடுத்துப் போகவில்லை.

பதிவேடு எழுதுகிறவர் பெயர் சுருளி. தேனிப் பக்கத்துக்காரர், அங்கே இருபது வருஷமாகக் கணக்கப்பிள்ளை. கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்துப் பேஞ்ச மழைய இன்னிக்கித் தேதில எப்பிடிம்மா எழுதுவேன்? கொழுந்து எடை எந்த வரியில இருக்கோ அந்த வரியிலதான் மழையும். மழை பேஞ்சதாலதான் எடை கொறஞ்சுச்சுன்னு துரைமாருக்குத் தெரிய வேணாமா?"

"ராத்திரி ரெண்டு மணிக்குப் பெஞ்சா?"

"அதுவும் நேத்து மழதான். விடிஞ்சாத்தானம்மா இன்னிக்கி."

உன் யூகம் சரி. இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில், அட்டைக்கு உள்புறம், மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது: மழை பெய்த நாளின் வரியில் எழுதவும். புதிதாக ஒட்டியது இல்லை. தாள் மஞ்சளாகிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் போனபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அன்று நல்ல மழை, போன் நனையும் என்று அவசர அவசரமாக எண்கள் இருந்த பக்கங்களை மட்டும் எடுத்தேன். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். உன்னிடம் அது வந்து சேரவே இல்லை. ஆக, அடிவரியில் இருக்க வேண்டியது இரண்டு பெயர். உன் பெயரைச் சேர்த்தபோது என் பெயரை எடுத்துவிட்டது கோபத்தில். அது நல்லதாகப் போயிற்று என்று சனிக்கிழமை ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நிமிடத்தையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

படங்களோடு நம் தமிழ்நாட்டுப் பக்கப் பொறியாளர் சாய்பிரசாத் சாரிடம் போனேன். நல்ல மனிதர். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்க சொல்றது சரின்னே வைங்க. இந்த விதிய நாம தொறந்தா அவங்க அணை மட்டத்தையும் தொறப்பாங்க. அப்பறம் நம்ம பாசனத் தண்ணி என்னாகும்? கொட்டாம்பட்டிக்காரனுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

கேரளத்துப் பக்கப் பொறியாளரிடமும் போனேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் அளவு தவறு என்று எழுதி வாங்கத்தான் இந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மலையாளத்தில் சொன்னார். எனக்கு மலையாளம் தெரியும் என்பதை மறந்துவிட்டார். அளவு தவறே இல்லை சார், இரண்டு பக்கமும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், சேர்த்தது நாங்கள்தான் என்று மூன்று முறை சொன்னேன். ஏறவில்லை.

அடுத்த கூட்டம் நவம்பர் இருபது. அதுவரை யாரும் எதையும் தொட மாட்டார்கள்.

ஹம்சா


வில்லாபுரம்
அக்டோபர் 21, செவ்வாய்

ஹம்சா,

நவம்பர் இருபதா? இங்கே மழை தொடங்கிவிட்டது. நேற்று அவனியாபுரம் சாலையில் பஸ் நின்றுவிட்டது. மலையில் எவ்வளவு என்று மணிக்கொரு தரம் போனில் பார்க்கிறேன். சோறு கொதிக்கும்போது பார்க்கிறேன், பாப்பாவைக் குளிப்பாட்டும்போது ஈரக் கையோடு பார்க்கிறேன். இவர் வேலைக்குக் கிளம்பினால் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நிற்கிறேன்.

முதல் பக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. நீ அனுப்பியிருந்தாலும் நான் படித்திருப்பேனா? எனக்கு எண்கள் மட்டும்தான் வேண்டியிருந்தது.

போன வாரம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே ஆற்றுக்குள் போனேன். இவரோடு வேலை பார்க்கிற நல்லகாமன் அண்ணன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கம், ஐம்பது வயது இருக்கும். பாப்பாவைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க இன்ஸ்பெக்டரம்மா, தண்ணி நல்லா வருதான்னு பாக்க வந்தீகளா?" என்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

நான் ஆறு மணி நேரக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார்.

பின்னிணைப்பு நான்கு. லேமினேஷன் போட்டு, நாலு மூலையிலும் ஆணி அடித்து. கீழே இரண்டு மாநில முத்திரை. அதற்கும் கீழே என் பெயர்.

"உன் வீட்டுக்காரரு மாட்டுனது தாயி. எம் பொஞ்சாதி பேரு, கவர்மென்டு பேப்பர்ல வந்துருக்குன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவாரு. இப்ப நீயே வந்து இல்லங்குற?"

"தப்பா எழுதிட்டேன் அண்ணே. கழத்திருங்க."

கையை நீட்டினேன். அவர் குறுக்கே வந்து நின்றார். கோபமாக இல்லை.

"தப்புன்னா எழுதுனவுக திருத்திக் குடுக்கட்டும், அத மாட்டுவோம். ரெண்டு கவர்மென்டு கையெழுத்து போட்டுருக்கு. நாம பிச்சுப் போட முடியுமா? நாளைக்கி எவனாச்சும் வந்து கேட்டா என் வேல போயிரும்த்தா."

உள்ளே மோட்டார் பக்கத்தில் இருந்த உபைதுல்லா தலையைக் குனிந்துகொண்டார். ராத்திரி சாப்பிடும்போது, "என்கிட்ட மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்றார். நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். என் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

ஏதாவது வழி சொல். நான் பாலக்காடு வரட்டுமா? அந்த இரண்டு பேர் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ஃபாயிஸா


பாலக்காடு
நவம்பர் 10, திங்கள்

ஃபாயி,

வராதே. உன்னைப் பார்த்தால் யார் அனுப்பியது என்றுதான் கேட்பார்கள்.

இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. குழுவின் நடைமுறை நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். எங்கள் அம்மா போனில் சௌராஷ்டிர மொழியில் திட்டினாள், பரீட்சைக்குக்கூட இப்படிப் படிக்கவில்லையே என்று. பிரிவு பத்தொன்பதில் ஒரு வழி இருக்கிறது. விதியைத் திருத்த இரண்டு மாநிலமும் ஒப்ப வேண்டும். ஆனால் பின்னிணைப்பைத் தயாரித்தவர் அதை எழுத்தில் திரும்பப் பெற்றால், கடிதம் பதிவான தேதியிலிருந்து அது செல்லாது. யார் ஒப்புதலும் தேவையில்லை. அட்டவணை விழுந்தால் அதன் மேல் நிற்கிற விதி ஏழும் விழும். பழைய ஏற்பாடு திரும்பி வரும்: மலையில் கனமழை என்றால் உடனே கீழே தகவல், கையெழுத்து எல்லாம் பிறகு.

தயாரித்தவர் நீ. உன் பெயர் அங்கே இருப்பதால்தான் இந்த வழியே இருக்கிறது. நீ போட்ட சண்டைக்கு இப்படி ஒரு பலன்.

ஆனால் யோசித்துக்கொள். தவறு என்னுடையது என்று நீ எழுத வேண்டும். அது பதிவில் நிரந்தரமாக இருக்கும். பசுமலைக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாய் என்று பேராசிரியர் சொன்னார். அவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். முதல் பக்கம் பற்றி என் பங்கையும் சேர்த்து எழுது. மறைக்காதே.

உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் இதைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், மையில் கையெழுத்தோடு. காகிதம் மட்டும்தான் கோப்பில் ஏறும். சுருளியிடம் என் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறேன். மானி நிரம்பினால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

ஹம்சா


வில்லாபுரம்
நவம்பர் 14, வெள்ளி

ஹம்சா,

யோசிக்க ஒன்றும் இல்லை. இத்துடன் கடிதம் இருக்கிறது. பாப்பா மடியில் இருந்ததால் இரண்டாம் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். செல்லுமா? திரும்ப எழுத நேரம் இல்லை, நாளைக் காலை முதல் ஆளாக ஸ்பீடு போஸ்ட்டில் போட வேண்டும்.

"பின்னிணைப்பு நான்கை நான் தயாரித்தேன். மழை பெய்த நாளையும் அளந்த நாளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். அதனால் அட்டவணை வெள்ளத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் காட்டுகிறது. இதை நம்பி யாரும் ஆற்றுக்குள் நிற்கக் கூடாது. திரும்பப் பெறுகிறேன்." இவ்வளவுதான் முக்கியமான வரிகள். உன் பங்கை எழுதவில்லை. உன்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டால் அப்புறம் எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

அடுத்த வாரம் பூராவும் இவருக்கும் நல்லகாமன் அண்ணனுக்கும் ராத்திரி ஷிப்ட். திங்கட்கிழமை உன் கையில் கிடைத்ததும் ஒரு வரி மெசேஜ் போடு. கிடைத்தது என்று மட்டும். அதன் பிரதியை எடுத்துக்கொண்டு போய் நானே அந்த ஆணிகளைப் பிடுங்குகிறேன்.

ஃபாயிஸா


பாலக்காடு
நவம்பர் 22, சனி

ஃபாயி,

போனில் உன்னோடு பேச எனக்குத் தைரியம் இல்லை. எழுதுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை மூன்று நாற்பதுக்கு வந்தது. நான்தான் தபால்காரரிடம் வாங்கினேன். ஓடிப்போய்ப் பதிவுப் பிரிவில் கொடுத்தேன். அங்கே இருக்கிற அம்மா முத்திரையின் தேதியைத் திருகி மாற்றி வைத்திருந்தார். "மூன்று மணிக்கு மேல் வந்தால் நாளைத் தேதிதான், எல்லாத் தபாலுக்கும் அப்படித்தான்" என்றார். செவ்வாய் என்று விழுந்தது. நான் சண்டை போடவில்லை. ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். நான் படித்த படிப்பு என்ன, நான் இத்தனை மாதமாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தது எதற்கு? ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன் ஃபாயி. நாளைக்கு முத்திரையோடு படம் எடுத்து அனுப்பலாம் என்று உனக்கு மெசேஜும் போடவில்லை.

செவ்வாய் அதிகாலை நாலே முக்காலுக்குச் சுருளி கூப்பிட்டார். "ரெண்டு மணியில இருந்து ஊத்துதும்மா, மானி நெறஞ்சு வெளிய போகுது." உடனே உன்னைக் கூப்பிட்டேன். மூன்று வருஷம் கழித்து உன் குரலை அப்படியா கேட்க வேண்டும்? ஐந்தரைக்கு நீ திரும்பக் கூப்பிட்டு, "மேல ஏறிட்டாங்க, ரெண்டு பேரும் கரையில நிக்கிறாங்க" என்று சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்று காலை தேநீர் நன்றாக இருந்தது. நல்லகாமன் என்ற பெயரை மறுநாள் செய்தித்தாளில் பார்த்தேன்.

வியாழக்கிழமை கூட்டம் நடந்தது. குறிப்பில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "திரும்பப் பெறும் கடிதம் பதினெட்டாம் தேதி அலுவலக நேரத்தில் பதிவானது. நிகழ்வு அன்று காலை அதற்கு முன்பே நடந்துவிட்டது. நிகழ்வின்போது விதி ஏழு நடப்பில் இருந்தது. எனவே நடைமுறையில் எந்தத் தவறும் இல்லை." இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இந்த முறை பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நேற்று கோப்பை எடுத்தேன். முத்திரைக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: "கடிதம் வந்த நாள் நவம்பர் 17, திங்கள், பிற்பகல் 3.40. வாங்கியவள் நான்." கீழே, எஸ்டேட் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுக்காமல் விட்டவளும் நானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை விளக்கம் கேட்டுத் தாள் வந்துவிட்டது. கோப்பில் கை வைத்ததற்காக. வேலை போகலாம். விதி ஏழு இப்போது செல்லாது, அது மட்டும் உண்மை. மலையில் மழை என்றால் உடனே கீழே தகவல் போகும். அவருக்கு ஒரு நாள் பிந்தி.

அவர் ஏன் திரும்ப உள்ளே போனார்? செய்தியில் அது இல்லை. உனக்கு முடிந்தால் மட்டும் எழுது.

ஹம்சா


வில்லாபுரம்
நவம்பர் 28, வெள்ளி

ஹம்சா,

இரண்டு பேரும் ஐந்தரைக்குக் கரை ஏறிவிட்டார்கள். ஏழு மணி ஆயிற்று, ஏழேகால் ஆயிற்று, தண்ணீர் வரவில்லை. நன்றாக விடிந்து வெயில்கூட அடித்ததாம். நல்லகாமன் அண்ணனுக்கு உள்ளே விட்டுவந்த மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி நினைவு. அது நனைந்தால் ஊருக்கு நாலு நாள் தண்ணீர் கிடையாது. உபைதுல்லா கையைப் பிடித்திருக்கிறார், போகாதீங்கண்ணே, ஹம்சா மேடம் மலையிலேர்ந்து கேட்டுச் சொல்லிருக்காக என்று.

"மாப்ள, போன் இன்னைக்கிங்குது. சொவத்து அட்டை நாளைக்கிங்குது. கையெழுத்து போட்டது எதுல? பெட்டியக் கழத்திட்டு அஞ்சு நிமிசத்துல வாரேன்."

ஏழு நாற்பதுக்கு வந்தது. இவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். இன்னமும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி எழுந்து பாப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறார். வேலைக்குப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, பார்த்தாயா? என் புருஷன் வீட்டில் இருக்கிறார்.

நேற்று நல்லகாமன் அண்ணனின் சம்சாரம் ஒச்சம்மாவைப் பார்க்கப் போனேன். இவர் வரவில்லை, பாப்பாவை வைத்துக்கொண்டார். அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து போயிற்று.

"அந்த அட்டையில இருக்குறது என் பேருதாங்கம்மா" என்றேன்.

"தெரியும். எம் மருமகன படிச்சுக் காட்டச் சொன்னேன்."

எனக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அதிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

"இதுல வியாழக்கெழமன்னு போட்டுருக்கானாம். விரகனூர் பக்கம் ஒடம்பு கெடச்ச அன்னைக்கி. நாஞ் செவ்வாக்கெழம கஞ்சி வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன், வியாழக்கெழம செத்தாருன்னா? ஆபீசுல கேட்டா அப்பிடித்தான் போடுவோம்ங்குறான். வருசா வருசம் நான் எந்த நாளுல கும்புட?"

"செவ்வாய்க்கிழமைங்கம்மா."

"நெசமாத்தான? நீ படிச்ச புள்ள. சரியாச் சொல்லு."

அதை என்னிடம் ஏன் கேட்டார் என்று இன்னும் தெரியவில்லை. திட்டுவதற்கா, நம்பியா? என் பையில் பாப்பா கிறுக்குகிற நோட்டு இருந்தது. ஒரு தாளைக் கிழித்தேன். நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது என்று எழுதினேன். நடந்த நாள் என்று மேலே எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். போனில் நாள்காட்டியைத் திறந்து மூன்றாவது முறையும் பார்த்தேன்.

அவர் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"யாரு எழுதிக் குடுத்ததுன்னு நாளைக்கி எம் பேரன் கேப்பான். அடியில உம் பேரப் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன்.

ஃபாயிஸா